அம்புக்கு ஏற்ற தட்டை

சிவக்கச் சிவக்க வந்து விழுந்த கம்பிகள் பல் பல்லாக இருந்த இரும்புப் படுக்கையின் மேல் ஒவ்வொரு பல்லாகத் தாண்டி நகர்ந்து, நகர நகரக் கறுத்துக்கொண்டு வந்தன. குப்புராஜ் அதன் கடைக்கோடியில் கொக்கியோடு நின்றான். நெளிந்த கம்பியைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. குனிந்து ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கம்பியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் நாற்பதடிக் கம்பியில் சுண்டுவிரல் அளவு நெளிவு இருந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். கொக்கியைப் போட்டு இழுத்துக் கீழே தள்ளுவான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த மில்லுக்கு அவன் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் மூன்று காண்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். மூன்று பேருமே அவனை அந்த இடத்தைவிட்டு மாற்றவில்லை.

பேன்ட் பையில் போன் அதிர்ந்தது. கொக்கியைப் பக்கத்தில் நின்ற இம்மானுவேலிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் டிரம் பக்கம் போய் எடுத்தான். ஊர்த் தலையாரி வெங்கடேசன்.

"குப்பு, எங்க கீற?"

"ட்யூட்டில கீறேண்ணா. சொல்லுண்ணா."

"அந்த ஆபீசரு வியாழக்கெழம வர்றாராம். உன் பொண்ணு எஸ்டி சர்டிபிகேட்டு விஷயமா. ஊட்டுக்கே வந்து விசாரிப்பாரு."

குப்புராஜ் சுற்றிலும் பார்த்தான். டிரம்மை விட்டு நகர்ந்து பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இன்னா கேப்பாருண்ணா?"

"அதுக்குத்தான் போன் பண்ணேன். போன வாரம் வேற ஒரு ஊர்ல அம்பு செய்யத் தெரியுமான்னு கேட்டுகிறாரு. எந்த நாணல் தட்டைய எடுப்ப, எந்த மூங்கில எடுப்ப, அத்த ஏன் எடுப்பன்னு. நாட்டுத் தட்டையா இருக்கணுமாம். செஞ்சி ரெடியா வெச்சிரு."

"அண்ணா, எங்க ஆளுங்க அம்பு வுட்டு நா பாத்ததே இல்லியே. எங்கப்பன் சூளையில செங்கல்லு அறுத்தவரு. எலி புடிப்போம், மீனு புடிப்போம்..."

"அத்த அவராண்ட சொல்லிக்கினு நிக்காத. அவுரு வெச்சிக்கிற பொஸ்தகத்துல இருளர்னா அம்புன்னு போட்டுக்கீதாம். ஏற்கனவே ஃபைல்ல எழுதி வெச்சிக்கிறாரு, மில்லுல வேல பாக்கறான், வண்டி வெச்சிக்கினு கீறான், பொண்ணு ஐந்நூத்திப் பன்னெண்டு மார்க்கு, இவன் எப்பிடி இருளன்னு. யூடியூப்ல பாருப்பா, எல்லாம் கீது. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள காயிதம் ஏத்தலன்னா நர்சிங் சீட்டு பூடும். நாபகம் வெச்சிக்க."

போனை வைத்த பிறகும் குப்புராஜ் இரும்புக் குவியலுக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றான். வெங்கடேசனின் குரல் போனுக்கு வெளியே கேட்கிற குரல். 'இருளன்' என்று அவர் சொன்னபோது டிரம் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. மில்லில் சேர்வதற்கு முன்பு அவன் அரிசி ஆலையில் இருந்தான். அங்கே உள்ளதைச் சொல்லி, தனக்கென்று ஒரு டம்ளர் தனியாக ஆணியில் தொங்கியதை ஒரு வருஷம் பார்த்திருந்தான். அதனால் இந்த மில்லில் முதல் நாள் விசாரித்தவர்களிடம், "ஆரம்பாக்கம். நெலம் குத்தகைக்கு எடுத்துப் பயிரு வெக்கிற ஆளுங்க" என்று சொன்னான். பன்னிரண்டு வருஷமாக அந்த நிலத்தில் மழைக்கு நெல் சாய்ந்ததையும் பூச்சி விழுந்ததையும்கூட டீ நேரத்தில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

"யாருடா போன்ல?" என்று கேட்டான் இம்மானுவேல்.

"ஊர்லருந்து மச்சான். உரம் வந்துகீதாம்."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்புராஜும் அவன் மனைவி அஞ்சம்மாளும் டிவிஎஸ் வண்டியில் கவரைப்பேட்டைக்கு வந்து ஆரணியாற்றில் இறங்கினார்கள். ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. தடுப்புச்சுவருக்குக் கீழே மட்டும் முழங்கால் தண்ணீர் தேங்கி, அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் நாணல் நின்றது.

யூடியூபில் பேசியவன் ஏதோ மலைப்பக்கத்து ஆள். அவன் பாஷை புரியவில்லை. கைகளை மட்டும் பார்த்து, நாலைந்து தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, குப்புராஜ் சில விஷயங்களைப் பிடித்து வைத்திருந்தான். பச்சையாக, தோகைக்கு அடியில் வெள்ளை மாவு படிந்திருப்பது இந்த வருஷத்துத் தட்டை. அது காய்ந்தால் சுருங்கிவிடும். சாம்பல் நிறத்தில் நிற்பது செத்த தட்டை. வளைத்தால் படக்கென்று போய்விடும். இரண்டுக்கும் நடுவில், வைக்கோல் நிறத்தில், தோகை தானாகவே உதிர்ந்து நிற்கிறதே, அதுதான் வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. கணுவுக்குக் கணு இடைவெளி ஒரே மாதிரி இருக்கவேண்டும். அடித்தூர் பக்கம் கனம் அதிகம் என்பதால் அது அம்பின் முனைக்குப் போகும். மெலிந்த பக்கம் இறகுக்கு.

இவ்வளவும் தெரிந்த பிறகு மற்றதை அவன் கண் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு தட்டையாக வெட்டி, நுனியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தூக்கிப் போட்டான். அடுத்ததைப் பார்த்தான். அதையும் போட்டான்.

அஞ்சம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று அவன் கேட்ட பக்கத்துத் தட்டைகளை வளைத்துக் கொடுத்தாள். கால் விரல்கள் தம் பாட்டுக்குச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. திடீரென்று குனிந்து இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு ஒரு கெளுத்தியை முள் குத்தாமல் தலையோடு சேர்த்துப் பிடித்துக் கரையில் எறிந்தாள்.

"இத்தக் கேக்கச் சொல்லு உன் ஆபீசர. கண்ணக் கட்டிக்கினு புடிச்சித் தரேன்."

"அது அவுரு பொஸ்தகத்துல இல்லியாம்."

"அப்ப பொஸ்தகத்த இன்னொருவாட்டி எழுதச் சொல்லு." அவன் இன்னொரு தட்டையைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தாள். "இன்னாய்யா இது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நொட்ட சொல்லிக்கினே கீற? மூக்கு சப்ப, காலு கோணல்னு."

"உன்னப் பாக்க வந்தப்பயும் ஒரு கண்ண மூடிக்கினுதாம்மே பாத்தேன். அதுலதான் ஏமாந்துட்டேன்."

"இன்னொரு கண்ணையும் நா மூட வெச்சிருப்பேன், பொழச்சிப் போ."

அறுபது எழுபது வெட்டியதில் இருபத்திரண்டு தேறியது. தேறாதவற்றையும் அஞ்சம்மாள் தனியாக ஒரு கட்டாகக் கட்டினாள். அடுப்புக்கு ஆகும் என்றாள்.

தட்டையின் உள்ளே செருகும் முனைக்கு மூங்கில் வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சவுக்கு மூங்கில் கடையில் லாரி லாரியாக வந்த அசாம் மூங்கில்கள்தான் சாய்ந்திருந்தன. எல்லாம் உள்ளே பொத்தல். மூலையில் தடிக்கென்று போட்டிருந்த நாட்டுக் கல்மூங்கிலில் ஏழெட்டுக் கழிகள் கிடந்தன. குப்புராஜ் ஒவ்வொன்றாக எடுத்துச் சிமெண்டுத் தரையில் செங்குத்தாகப் போட்டுப் பார்த்தான். மில்லில் கம்பியில் வெடிப்பு இருந்தால் விழுகிற சத்தம் அமுங்கிக் கேட்கும். நல்ல கம்பி ணங்கென்று எகிறும். ஐந்தாவது கழி அப்படி எகிறியது.

"பசிக்குதுய்யா" என்றாள் அஞ்சம்மாள். "நாஷ்டா துன்னுட்டுப் போலாம்."

"ஊட்டுக்குப் போயி துன்னலாம். ஏறு."

அவனுக்கு அந்த இடத்தைவிட்டுச் சீக்கிரம் போகவேண்டியிருந்தது. தட்டைக் கட்டைக் கோணிப்பையால் சுற்றியிருந்தும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. மெயின் ரோட்டுத் திருப்பத்தில் டீக்கடை வந்தபோது தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குள் குரல் வந்துவிட்டது.

"டேய் குப்பு! இன்னா நைனா, பந்தல் காண்ட்ராக்டு எடுத்துட்டியா?"

வெள்ளைச் சட்டையில், சர்ச் முடிந்து வந்த களையோடு இம்மானுவேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மில்லைச் சேர்ந்த இரண்டு பேர். வண்டியை நிறுத்தாமல் போக முடியவில்லை.

"இல்ல மச்சான். ஊர்ல பசங்க டிராமா போடுதுங்க. அம்பு வோணுமாம்."

"யாரு அம்பு வுடறது? ராமரா?"

"இல்ல... வேடன்."

"இதுக்குப் போயி ஏன்டா பேஜாராவுற? உங்க ஊராண்ட இருளர் காலனி கீதில்ல? அதுலேந்து ஒருத்தன இஸ்துகினு வந்து மேடையில ஏத்திடு. வேஷமே போட வோணாம். எலியக் காட்டுனா அவனே துரத்துவான்."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். குப்புராஜும் சிரித்தான். சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அஞ்சம்மாளின் கை அவன் தோளிலிருந்து எழுந்து போனது.

"அண்ணி, டீ சொல்லவா?" என்று இம்மானுவேல் எழுந்தான். அவன் நிஜமாகவே நல்லவன். போன வருஷம் குப்புராஜின் காலில் சூடு பட்டபோது தூக்கிக்கொண்டு ஓடியவன். "ரெண்டு பேரும் வெயில்ல வந்துகினு கீறீங்க."

"வோணாம்ணா" என்றாள் அஞ்சம்மாள்.

"அம்புக்கு றெக்க வோணுமேடா? எங்க ஊட்டுச் சேவலு கொட்டி வெச்சிகீது, நாளைக்கு எடுத்தாறேன். டிராமா என்னிக்கி?"

"வியாழக்கெழம."

"உன் ஷிப்ட நா பாத்துக்கறேன். போ, போயி ஜமாய்."

ஆரம்பாக்கம் வரைக்கும் அஞ்சம்மாள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கி, கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, கெளுத்தி இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது நின்றாள்.

"அவுரு சொன்னதுக்கு நீ ஏன்யா சிரிச்ச?"

"சிரிக்கலன்னா சந்தேகப்படுவாங்கமே."

"செரி, சிரிச்ச. ஆனா அவுங்க மூணு பேரவிட நீதான் சத்தமா சிரிச்ச."

*

மூன்று சாயங்காலங்கள் ஆயின. இருபத்திரண்டு தட்டைகளைத் தரையில் பரப்பி, ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிக்கக்கூட இல்லாமல் உட்கார்ந்தான். கணுக்களை உப்புத்தாளால் தேய்த்தான். நெளிவு இருந்த இடத்தை அடுப்பின் தீயில் காட்டி, சூடு ஆறுவதற்குள் தொடையில் வைத்து அழுத்தி நிமிர்த்தினான். மகள் ஸ்நேகா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, உன் தாத்தா இப்பிடித்தான் செஞ்சாரா?"

"யாருக்குத் தெரியும்? நா அவரப் பாத்ததே இல்ல."

"அப்ப நமக்குத் தெரியாதத கத்துக்கினு, தெரியும்னு அவராண்ட சொல்லப்போறோம்."

"நீ பரீட்சைக்கு அப்பிடித்தான படிச்ச?"

ஸ்நேகா சிரித்தாள். ஆனால் கேட்டதை விடவில்லை. "பரீட்சையில நா யாருன்னு கேக்கல நைனா. தவளைக்கு எத்தினி அறை இதயம்னுதான் கேட்டாங்க."

அவன் தட்டையைத் திருப்பித் தீயில் காட்டினான்.

ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்து அதன்மேல் ஒவ்வொரு தட்டையாக உருட்டினான். உருளும்போது கண்ணாடிக்கும் தட்டைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அதை ஒதுக்கினான். இருபத்திரண்டு பதினொன்றாகி, பதினொன்று ஐந்தாகியது. இன்ச் டேப்பை வைத்து முப்பது அங்குலம் அளந்து, ஹாக்ஸா பிளேடால் அறுத்தான். நாண் பதியும் வெட்டைப் பிளேடின் இரண்டு இழுப்பில் ஒரே ஆழத்துக்குப் போட்டான். கல்மூங்கிலைச் சீவி முனை செருகினான். இம்மானுவேல் ஒரு பாலிதீன் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்த சேவல் இறகுகளில் ஒரே அகலமானவற்றைப் பொறுக்கி, மூன்று மூன்றாக நூலால் கட்டினான். கடைசியாக மளிகைக் கடைத் தராசில் ஐந்தையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தான். ஒன்று இரண்டு கிராம் அதிகம் காட்டியது. வீட்டுக்கு வந்து அதை இன்னும் கொஞ்சம் தேய்த்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து அம்புகளும் பாயின் மேல் வரிசையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டு மற்றதில் எது குறைகிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு ஒன்றுபோல இருந்தன. எதற்காகச் செய்தோம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்து குப்புராஜ் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் கெட்டுப்போனதைத் தள்ளியிருக்கிறானே தவிர எதையும் தன் கையால் முழுசாகச் செய்ததில்லை.

"அழகா கீதுய்யா" என்றாள் அஞ்சம்மாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அவனிடம் இதமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாக இருந்த கார் ஒன்றரைக்கு வந்தது. சந்துக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றுகொண்டது. வெங்கடேசன் முன்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர, அதிகாரி குடையோடு பின்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசினார். வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு ஸ்நேகாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நர்சிங்கா? நல்லது, நல்லது."

காலனியில் இருந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றார்கள். சாமி பெயர் கேட்டார். கன்னியம்மா என்றாள் அஞ்சம்மாள். எழுதிக்கொண்டார். பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள், செத்தால் எரிப்பீர்களா புதைப்பீர்களா என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு குப்புராஜை ஏற இறங்கப் பார்த்தார். அவன் இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தான்.

"வேட்டைக்கு இந்தச் சட்டையோடதான் போவியா?"

"இல்ல சார்."

"அப்ப கழட்டிடு. இயல்பா இரு."

குப்புராஜ் பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். ஸ்நேகா வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. அவள் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, சத்தத்தை அமுக்கினாள். 'இம்மா மச்சான்' என்று திரையில் இருந்ததை அவனும் பார்த்தான்.

அடுப்புக்கென்று கொண்டுவந்த கட்டை வெங்கடேசன் இழுத்துப் போட்டார். அந்த மூன்று சாயங்காலங்களில் தேறாமல் ஒதுக்கியவையும் அதில்தான் கிடந்தன.

"இதுல அம்புக்கு எதை எடுப்ப?"

குப்புராஜ் உட்கார்ந்து தட்டைகளைப் புரட்டினான். ஒன்றை எடுத்துத் தூரைக் காட்டினான். "இது கனம் சார், முன்னால வரணும். பச்சையா கீறது ஆவாது. நகம் பதியக்கூடாது." ஒரு கண்ணை மூடி நுனியைப் பார்த்தான். அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. வெங்கடேசன் பின்னாலிருந்து குப்புராஜுக்குக் கண்ணைக் காட்டினார்.

"செஞ்சு வெச்சிருக்கிறதா சொன்னாங்களே?"

அஞ்சம்மாள் உள்ளே போய் ஐந்து அம்புகளையும் ஒரு துணியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதிகாரி ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஐந்தையும் சேர்த்துத் தன் நோட்டுப் புத்தகத்தின் மேல் நிறுத்தித் தட்டினார். ஐந்தின் தலைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. ஒன்றை நோட்டின் மேல் உருட்டினார். கொஞ்சமும் துள்ளாமல் உருண்டு கீழே விழுந்தது.

"எந்தக் கடையில வாங்கின?"

"நானே செஞ்சது சார்."

"பொய் சொல்லாதப்பா. இது மிஷின்ல போட்டது. இந்த வெட்டைப் பாரு, அளந்து அறுத்தது."

"டேப்பு வெச்சி அளந்தேன் சார். மில்லுல வேல பாக்கறேன். எனுக்கு நெளிவு பாக்கறதுதான் வேல... கோணலா செய்ய மனசு வரல சார்."

"அதாம்பா நானும் சொல்றேன். இது மில்லுப் பழக்கம். பழங்குடி பழக்கம் இல்ல. உங்க ஆளுங்க டேப்பு வெச்சா அளப்பாங்க?"

"சார்," என்று அஞ்சம்மாள் முன்னால் வந்தாள். "நா தண்ணிக்குள்ள கைய வுட்டு எறா புடிப்பேன் சார். வளையப் பாத்து உள்ள எலி கீதா பாம்பு கீதான்னு சொல்லுவேன். வாங்க, காட்றேன். எங்க அம்மாவும் அப்பிடித்தான் செஞ்சாங்க."

"அது வயல்வேல செய்யற யாரு வேணா செய்வாங்கம்மா." அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடினார். வெங்கடேசன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

"சரி. பொண்ணு படிக்கிற பொண்ணு, அதுக்காகச் சொல்றேன். என் கண் முன்னால ஒண்ணு செய். டேப்பு கூடாது, பிளேடு கூடாது. கத்தி மட்டும்."

கட்டின் முன்னால் குப்புராஜ் மறுபடி உட்கார்ந்தான். கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்ததற்காக ஒதுக்கியவைதான் என்றாலும் அதில் ஏழெட்டு நல்ல தட்டைகள் இருந்தன. கை தானாகவே அவற்றில் ஒன்றின் மேல் போய் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். வாசற்படியில் அவன் சட்டையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஸ்நேகா நின்றாள். அவள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அவன் கை நகர்ந்தது. கட்டின் அடியிலிருந்து ஒரு பச்சைத் தட்டையை உருவினான். நடுவில் வளைந்து, கணுக்களில் தோகை ஒட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், அத்தயா..." என்று ஆரம்பித்த அஞ்சம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

குப்புராஜ் யாரையும் பார்க்கவில்லை. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் அளவு வைத்து, வெட்டவேண்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கத்தியால் கொத்தினான். நார் பிசிறியது. பிசிறைப் பல்லால் கடித்துத் துப்பினான். நாண் வெட்டைக் கோணலாகப் போட்டான். கோணலாகப் போடக் கை சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு தடவை நேராகவே போனது, மூன்றாவது தடவைதான் சரிந்தது. மீந்திருந்த இறகுகளை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கட்டினான். முதுகில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வீட்டு ஆட்களும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அவர்களில் யாரும் அதுவரைக்கும் அம்பு செய்து பார்த்தவர்கள் இல்லை.

அதிகாரி அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். மெல்லத் தலையாட்டினார்.

"இதுதாம்பா. இதைத்தான் கேட்டேன். எத்தனை வருஷம் மில்லுல இருந்தா என்ன, ரத்தத்துல இருக்கிறது. கை மறக்காது."

"ஆமா சார்" என்றான் குப்புராஜ்.

வெங்கடேசன் சிரித்தார். யாரோ கைதட்டி, உடனே நிறுத்தினார்கள்.

"ரிப்போர்ட்டு நல்லபடியா எழுதிடறேன். ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கலாம். டிரைவர், பின்னாடி வில்லு இருக்கு பாருங்க, கொண்டு வாங்க."

டிரைவர் டிக்கியிலிருந்து ஒரு வில்லைக் கொண்டுவந்தார். வார்னீஷ் போட்டது. கைப்பிடியில் பலர் பிடித்துப் பிடித்துக் கறுத்திருந்தது. அதிகாரி குப்புராஜை மரத்துக்கு முன்னால் நிறுத்தி, கோணல் அம்பை அதில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். போன் வழியாகப் பார்த்துவிட்டு ஏதோ குறைவதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

"பொண்ணும் பக்கத்துல நிக்கட்டும். சர்டிபிகேட்டு அதுக்குத்தானே."

ஸ்நேகா சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பரீட்சைக்குத் தைத்த ரோஸ் நிறச் சுடிதார். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருந்தாள்.

"செருப்பு வேண்டாம்மா."

அவள் ஒரு காலால் மற்றதை அழுத்திச் செருப்புகளைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

"அந்தக் கைக்கடிகாரமும்."

பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண்ணுக்குக் கொடுத்த கடிகாரம் அது. வாரை அவிழ்த்துக் கழற்றினாள். வைப்பதற்கு இடமில்லை. குப்புராஜ் ஒரு கையை வில்லிலிருந்து எடுத்து நீட்டப்போனான்.

"நீ அசையாத" என்றார் அதிகாரி.

வெங்கடேசன் வந்து கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார். அதிகாரி போனைத் தூக்கினார். தாழ்த்தினார். இரண்டு விரல்களால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்நேகாவின் மணிக்கட்டில், வெயில் படாத இடத்தில், கடிகார வாரின் அகலத்துக்கு ஒரு வெளிறிய தடம் இருந்தது.

"அந்தக் கைய மட்டும் பின்னால வெச்சுக்கம்மா. தெரியுது."

ஸ்நேகா கையைப் பின்னால் கொண்டுபோனாள். அவர் அவளை இன்னும் கொஞ்சம் அப்பாவுக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். நின்றாள்.